பூஜ்யம் கேட்ட கரடி

ஒரு காட்டில் மழைக்கு ஒழுகாத குகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வேண்டுமென்றால் வனக்குழுவுக்கு மனுப் போட்டு வரிசையில் நிற்கலாம். போன மழைக்கு மனுப் போட்ட மான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அதனால் அவசரக்காரர்கள் சீட்டாடித் தீர்த்துக்கொள்வது அங்கே வழக்கம்.

பொன்னுரங்கம் என்ற நரிக்கு அவசரம். பெண்டாட்டியும் குட்டிகளும் புதருக்கடியில் நனைந்துகொண்டிருந்தார்கள். கூட்டாளியாக வந்து வாய்த்தது குபேந்திரன் என்ற கரடி. ஜெயித்தால் குகையில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. எதிரணியில் குரங்கும் கழுதைப்புலியும்.

ஆட்டம் ஸ்பேட். அதில் ஸ்பேட்தான் துருப்பு. மற்ற எந்தச் சீட்டையும் வெட்டும். முதலில் இறங்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், பெரிய சீட்டுக்காரருக்கு அந்தப் பிடி. ஆடுவதற்கு முன்பே எத்தனை பிடி எடுப்பேன் என்று வாயால் கேட்டுவிட வேண்டும். கேட்டது கேட்டதுதான்.

கடைசி ஆட்டம். நரி கையில் எல்லாவற்றிலும் பெரிய சீட்டான ஸ்பேட் ஆஸ். நன்றாக யோசித்து, “அஞ்சு” என்றது. கரடி ஒரு மூன்று கேட்டு எடுத்தால் போதும், குகை கைக்கு வந்துவிடும். மூளை இருக்கிற எவனும் மூன்றுதான் கேட்பான்.

“பூஜ்யம்,” என்றது கரடி.

அதாவது, ஒரு பிடிகூட எடுக்கமாட்டேன் என்று சபதம். காப்பாற்றினால் புள்ளி கொட்டும். ஒரே ஒரு பிடி வந்து ஒட்டினாலும் குகை கோவிந்தா.

நரிக்கு வால் வரைக்கும் கொதித்தது. “யோவ்! மூணு கேக்க வாய் வலிக்குதா உனக்கு?”

“மூணு கேட்டா மூணு எடுக்கணுமே மச்சான். பூஜ்யம்னா சும்மா உக்காந்திருக்கலாம்.”

குரங்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. “நரியண்ணே, குட்டிங்களுக்கு ஆளுக்கொரு குடை வாங்கிடுங்க.”

ஆட்டம் பாதி ஓடியது. கழுதைப்புலி ஒரு துருப்பை இறக்கி வெட்டியது. அடுத்த பிடி நரிக்கு வந்தது. இனி நரிதான் இறங்க வேண்டும். எதிரே பார்த்தால், கரடி கையிலிருக்கும் சீட்டுகளில் ஒன்றை மட்டும் தனியாக மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிறது. மூக்கு நுனி வேர்த்துக் கொட்டுகிறது.

‘அடப்பாவி! ஸ்பேட் ராஜாவை வைத்துக்கொண்டா பூஜ்யம் கேட்டாய்?’

கடைசிக்கென்று பத்திரப்படுத்திய ஆஸை நரி ஓங்கி அடித்தது. அதன் கீழே ராஜா பொத்தென்று விழுந்தது. கரடி தப்பித்தது. ஆஸ் போன கையை வைத்துக்கொண்டு மிச்சப் பிடிகளைத் தேற்றுவதற்குள் நரிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆனாலும் தேற்றியது.

காடே திரண்டு வந்து கரடியைத் தூக்கிக்கொண்டு ஆடியது. “ராஜாவைக் கையில வச்சுக்கிட்டே பூஜ்யமாம்! நெஞ்சழுத்தம்னா இதுதாம்ப்பா!” என்று யானை மாலை போட்டது.

நரி குடும்பத்தோடு குகைக்குப் போனபோது, கரடி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நீட்டிப் படுத்திருந்தது.

“ஆளுக்குப் பாதின்னுதானே பேச்சு?”

“யாரு இல்லேன்னா? வாசப்பக்கம் உன் பாதி மச்சான். ரிஸ்க் எடுத்தவன் நான், காலையாவது நீட்ட வேணாமா?”

வெளியே மழை பிடித்தது. வாசலில் சாரல் அடித்தது.

நீதி: துணிந்து பூஜ்யம் கேளுங்கள். ஆஸ் வைத்திருப்பவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.