ட்ரம் சுற்றுகிறது, சூடு வரவில்லை

ஒரு மணி நேரம் சுற்றி நின்ற, துணி உலர்த்தும் ட்ரையரின் கதவைத் திறந்து மார்வின் கையை விட்டுப் பார்த்தார். துணி போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே ஈரமாக, சில்லென்று இருந்தது. ராட்டினம் சுற்றிவிட்டு வந்த கசங்கல் மட்டும் கூடியிருந்தது.

சனிக்கிழமை காலை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர வேண்டும். பத்தொன்பது வருஷம் சமைத்த உணவகம் மூடப்பட்டு, எட்டு மாதம் சும்மா இருந்து, ஐம்பத்திரண்டு வயதில் கிடைத்த வேலை. கொடுத்த வெள்ளைச் சீருடை இரண்டு. இரண்டும் இப்போது அந்த ட்ரையருக்குள் ஈரமாகக் கிடந்தன.

இந்த வீட்டுக்குக் குடிவந்தே மூன்று நாள்தான் ஆகிறது. கீழ்வீடு இவருடையது, மாடி வீடு கார்லீன் என்ற அம்மாளுடையது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான நிலவறையில் துவைக்கும் மெஷின் ஒன்று, ட்ரையர் இரண்டு. ஒன்று புத்தம் புதிது, கண்ணாடி மாதிரி பளபளத்தது. மற்றொன்று வயிற்றில் உதை வாங்கினதுபோல் ஒடுங்கிக் கிடந்தது. தன்னுடையது எது என்று மார்வின் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் வில்மர் குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்கு ஓடியிருந்தார், போனை லேசில் எடுப்பதில்லை. தவிர, அதில் கேட்க என்ன இருக்கிறது?

உடனே தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போனார். கல்லாவில் இருந்த ஓப்பலுக்கு எழுபது வயது இருக்கும். ஊரில் எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தெரிந்தவர்.

"ட்ரம் சுத்துதா?"

"சுத்துது. சூடுதான் இல்ல."

"அப்ப மூணுல ஒண்ணு, தம்பி. சுவிட்ச் டிரிப் ஆயிருக்கும். இல்லேன்னா பின்னாடி காத்து போற குழாயில துணிப்பஞ்சு அடைச்சிருக்கும். அதுவும் இல்லேன்னா உள்ள ஃப்யூஸ் போயிருக்கும். சுலபமானதுல இருந்து ஆரம்பி. இதுக்கு முன்னாடி ஏதாவது ரிப்பேர் பண்ணியிருக்கியா?"

"பல்பு மாத்தியிருக்கேன்."

"எரிஞ்சுதா?"

'நீங்க ஒண்ணைத் தொட்டா ரெண்டு உடையும்' என்று பிரிந்து போன மனைவி சொன்னது மார்வினுக்கு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து நிலவறைச் சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். எது எதற்கு என்று யாரோ பென்சிலால் எழுதியது எப்போதோ அழிந்திருந்தது. பெரிதாகத் தெரிந்த ஒன்றைக் கீழே தள்ளினார். மாடியில் ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு, "ஐயோ, அடுப்புல என் பலகாரம்!" என்று ஒரு குரல்.

அரை நிமிஷத்தில் டார்ச்சும் மாவுக் கையுமாகக் கார்லீன் இறங்கி வந்தார்.

"மன்னிச்சுக்கோங்க," என்று மார்வின் பதறினார். "ட்ரையர் சுவிட்சுன்னு நெனச்சு உங்க அடுப்பை அணைச்சிட்டேன்போல. இந்த ட்ரையர் சூடாக மாட்டேங்குது."

கார்லீன் அந்த ஒடுங்கின ட்ரையரைப் பார்த்தார். "அது ரெண்டு வருஷமா அப்படித்தான். வில்மர்கிட்ட சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது."

அடுத்த வீட்டு ட்ரையருக்காக இரண்டு வருஷம் வாய் வலிக்கப் பேசியிருக்கிறாரே என்று மார்வினுக்கு மனம் இளகியது. "இனிமே நீங்க கவலைப்பட வேணாங்க. நான் சரி பண்ணிடறேன்."

"நீங்களா? வந்தே மூணு நாள்தானே ஆச்சு!"

"அதுக்காக? கெட்டுப்போய்க் கெடக்குதுன்னு தெரிஞ்ச பிறகு சும்மா இருக்க முடியுமா?"

கார்லீன் மாவுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு ஈரச் சீருடையைப் பார்த்துவிட்டு, புது ட்ரையரைக் காட்டினார். "துணியையாவது இதுல போட்டுக் காய வெச்சுக்கலாமே?"

"ஐயையோ, வேணாங்க."

"நெசமாத்தான் சொல்றேன். போடுங்க."

"கூடவே கூடாது. முதல்ல இது ஓடட்டும். அதுவரைக்கும் நான் அதைத் தொடறதா இல்லை."

அந்தம்மா மாடிக்குப் போனார். ருபார்ப் தண்டு வைத்துச் சுடும் 'பை' என்ற அந்தப் பாதி வெந்த பலகாரத்தில் பெரிய துண்டாக வெட்டி எடுத்து வந்து கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் போனார். அடுப்பை அணைத்தவனுக்குப் பலகாரம்! இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களா என்று நின்றபடியே தின்றார் மார்வின்.

சுவிட்சை மறுபடி மேலே தள்ளிவிட்டு மற்றவற்றையும் பார்த்தார்; எதுவும் டிரிப் ஆகவில்லை. அடுத்தது குழாய். ட்ரையரை நகர்த்திப் பின்னால் போன குழாயை இழுத்தார். அது கையோடு கிழிந்து வந்தது. உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு தலையணை கணக்கில் இருந்தது. கொஞ்சம் எடுத்தார். மீதியைக் காற்றே தள்ளிவிடும் என்று ட்ரையரை ஓடவிட்டார். தள்ளியது. நிலவறை முழுக்கப் பஞ்சுமழை. பக்கத்துக் கூடையில் எடுத்துப் போட்டிருந்த சீருடைகளில் ஒட்டி, இரண்டு செம்மறியாடுகள் சுருண்டு படுத்திருப்பதுபோல் ஆயின.

வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்து மூடி உறைந்திருந்தது. துடைப்பக் கட்டையால் தட்டினார். மூடி தனியாக வந்து விழுந்தது. பக்கத்து ஏரியில் இருந்து அடித்த காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்து, துணி காய வேண்டிய இடத்தில் பனி படியத் தொடங்கியது.

ஓட்டையைப் பழைய துண்டால் அடைத்தார். ஆடுகளை மறுபடி துவைத்தார். காற்றுதான் பலமாக அடிக்கிறதே, வெளியே கட்டினால் காயாதா என்று தோன்றியது. பின்புறக் கொடியில் மாட்டினார். கால் மணி நேரத்தில் சீருடை இரண்டும் கையை விரித்தபடி பலகையாக விறைத்தன. ஒன்றை அக்குளில் இடுக்கி உள்ளே கொண்டுவந்தபோது, யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார். சமையலறைச் சூட்டில் அது மெல்ல இளகி, தலை குனிந்து, சொட்டச் சொட்ட நின்றது.

அன்று மாலை கார்லீன் காட்டரிசி சூப் கொண்டுவந்தார். "எதுக்கு இந்தப் பிடிவாதம், மார்வின்? இன்னைக்கு ஒருநாள் அந்தப் புதுசுல போடுங்களேன்."

"நீங்க சொன்னதே போதுங்க."

"உங்கள மாதிரி ஒருத்தரை நான் பாத்ததே இல்ல."

"நான் உங்கள மாதிரி ஒருத்தரைப் பாத்ததில்ல," என்றார் மார்வின். உண்மையாகவே சொன்னார். விவாகரத்துக்குப் பிறகு அவருக்காக யாரும் சூப் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓப்பல் அவரைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்தே நின்றார். "இன்னிக்கு என்னத்த உடைச்ச?"

"குழாயும், வெளிச்சுவர் மூடியும்."

"ஃப்யூஸ் பாத்தியா?"

"இன்னும் அந்த அளவுக்கு உடைக்கல."

புதுக் குழாய், மூடி, ஃப்யூஸ் எல்லாம் எடுத்து வைத்தார் ஓப்பல். தன்னுடைய மீட்டரையும் இரவல் கொடுத்தார். "பிளக்கைப் பிடுங்காம கைய வெச்சிராத. ஃப்யூஸைக் கழட்டி இந்த ரெண்டு முள்ளையும் வை. பீப் அடிச்சா நல்லது. அடிக்கலேன்னா செத்துப் போச்சு. பின்பக்கத்த மட்டும் தொற. முன்பக்கத்துக்குப் போகாத!"

மார்வின் பிளக்கைப் பிடுங்கினார். ஆனால் எது முன், எது பின் என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முன்பலகைத் திருகாணிகளைக் கழற்றியதும், கொடி மாதிரி ஒரு பெல்ட் நழுவியது. அத்தனை பெரிய ட்ரம் அப்படியே அவர் மார்பில் சாய்ந்தது.

"கார்லீன்!"

அந்தம்மா ஓடி வந்து மறுபக்கம் தாங்கிப் பிடித்தார். இருவரும் ட்ரம்மைக் கட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள்.

"பெல்ட் எங்க மாட்டணும்?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"கடவுளுக்குத்தான் தெரியும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. சர்ச்சுல இருப்பாரு. நாமளே பாப்போம்."

மார்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபக்கமும் சிரித்தது. ட்ரம்மும் குலுங்கியது. ஒரு மணி நேரம் படுத்து, புரண்டு, விரலை நசுக்கிக்கொண்டு, பெல்ட்டை அதன் சக்கரத்தில் ஏற்றினார்கள். பிறகு உண்மையான பின்பக்கத்தைத் திறந்தார்கள். கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஃப்யூஸ். மீட்டரை வைத்தார். பீப் இல்லை. புதியதை வைத்துப் பார்த்தார். 'பீப்' என்றது. அந்தச் சத்தம் அவருக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

"பஞ்சு அடைச்சதால சூடு வெளிய போக வழியில்லாம ஃப்யூஸ் போயிருக்கு," என்று விளக்கினார் மார்வின். தானா இப்படிப் பேசுகிறோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

புதுக் குழாய், புது மூடி, எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது நான்கு திருகாணிகள் மிச்சம் இருந்தன. இருவரும் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். கார்லீன் எடுத்துத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார். "இது நமக்குள்ள இருக்கட்டும்."

பிளக்கைச் சொருகினார். ட்ரம் சுற்றியது. கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். உள்ளங்கையில் இளஞ்சூடு ஏறியது.

"சூடு!" என்று கத்தினார் மார்வின்.

கார்லீன் குலுங்கிக் குலுங்கி அழுதார். "முதல் துணி உங்களோடதாத்தான் இருக்கணும்," என்று தானே சீருடைகளை உள்ளே போட்டார். அடுத்தவர் ட்ரையர் ஓடியதற்கு ஒருவர் இப்படி ஆனந்தக் கண்ணீர் விடுவார் என்று மார்வின் கனவிலும் நினைத்ததில்லை. இந்த ஊருக்கு, இந்த வீட்டுக்கு, இந்த அம்மாளுக்குப் பக்கத்தில் தன்னைக் கொண்டுவந்து சேர்த்த விதிக்கு மனதுக்குள் நன்றி சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைத் தொட்டு, அது ஓடுகிறது!

மணி நான்கு. காய்ந்த சீருடையைச் சூட்டோடு போட்டுக்கொண்டு, மாடியில் இருந்து வந்த, இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் தட்டோடு அவர் தன் சமையலறையில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. அரிசோனாவில் இருந்து வில்மர்.

"மார்வின், இப்பத்தான் கார்லீன் போன் பண்ணி ஒரே அழுகை," என்றார் வில்மர். "நான் ரெண்டு வருஷமா இழுத்தடிச்ச அந்தம்மாவோட ஓட்டை ட்ரையரை ரெண்டே நாள்ல சரி பண்ணிக் குடுத்துட்டியாம், அது ஓடுற வரைக்கும் உனக்குன்னு நான் போன மாசம் வாங்கி வெச்ச புது ட்ரையரைத் தொடவே மாட்டேன்னு ஈரத்துணியோட கெடந்தியாமே... ஏம்ப்பா, நீ சமையக்காரனா, சாமியாரா?"