குலகுருவுக்குக் கொடுத்த மயிலை

ஒரு மாட்டைத் தானம் கொடுக்க எத்தனை பேர் வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்?

கொடுக்கிறவர் ஒருத்தர், வாங்கிக்கொள்கிறவர் ஒருத்தர், ஆக இரண்டு பேர் என்பீர்கள். தப்பு. கொடுக்கிறவர் கையில் தண்ணீர் வார்க்கச் சொம்போடு அவர் பெண்டாட்டியும் நிற்க வேண்டும். அவள் வார்க்காவிட்டால் தானம் செல்லாது. அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்களைப் போன்ற குடியானவர்களில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குலகுரு உண்டு. சில வருசத்துக்கு ஒரு தடவை அவர் மாநில எல்லை தாண்டி எங்கள் வடகரப்பதிப் பக்கம் வருவார். வீட்டுக்கு வீடு பாதபூசை நடக்கும். போன தடவை பக்கத்துத் தோட்டத்து ரத்தினசாமி வெள்ளிச் சொம்பு காணிக்கை வைத்தார். அன்றைக்கு எங்க ஊட்டுக்காரர் வயிற்றில் பிடித்த தீ, இந்த ஆடி வந்தும் அணையவில்லை.

"ஏம்புள்ளை, நான் ஒரு முடிவு பண்ணிட்டேன்" என்றார் ஒரு நாள் காலையில்.

அவர் ஒரு முடிவு பண்ணினால் வீட்டில் ஏதாவது ஒன்று முடிந்துபோகும். போன முடிவில்தான் கிணற்று மோட்டாரை அவரே பிரித்து ரிப்பேர் செய்தார். அது இன்னும் பிரிந்தேதான் கிடக்கிறது.

"என்னங்க முடிவு?"

"இந்தத் தடவை வர்ற குருசாமிக்கு நம்ம மயிலையைக் குடுக்கப்போறேன். கன்னோட."

"ஏனுங்க, அது எங்கப்பன் கோவிந்தாபுரத்திலிருந்து நடத்தியே ஓட்டிட்டு வந்து எனக்கு விட்ட மாடுங்க!"

"ஊட்டுக்குள்ள வந்த பொறவு உன்னுது என்னுதுன்னு என்ன புள்ளை?"

"அப்படின்னா உங்க சைக்கிளும் ஊட்டுக்குள்ளதான் நிக்குது. அதைக் குடுங்க."

"சாமி சைக்கிள் மிதிப்பாரா?"

"சாமி பால் கறப்பாருங்களா?"

முறைத்தார். மடியில் கிடந்த பாப்பாவைக் காட்டினேன். பல் முளைக்கிற வயசு. என் பால் அதற்குப் போதவில்லை. மயிலையின் பாலில்தான் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது.

"இதுக்கு என்னங்க ஊத்தறது?"

"பொட்டப் புள்ளைதான? கஞ்சித்தண்ணி குடுத்தாலும் வளரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுச் சாணி அள்ளப் போனேன். சாணி அள்ளும்போது அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு நாச்சம்மாள் அக்காவிடம் சொன்னேன். எங்க ஊட்டுக்காரர் பேரை நான் சொல்லக் கூடாது. அக்கா தாராளமாகச் சொல்லுவாள்.

"அந்தக் கந்தப்பனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? நீ பேசாம சொம்பைக் கீழ போட்டுரு. தானம் நின்னு போகும்."

"அபசகுனம்னு என்னையத்தான் கீழ போடுவாங்க அக்கா."

"அதுவும் நெசந்தான்" என்று ஒத்துக்கொண்டாள். வேறு யோசனை அவளிடம் இல்லை. என்னிடமும் இல்லை.

யோசனையை எனக்குக் கொடுத்தது எங்க ஊட்டுக்காரரேதான். சாமி வருவதற்கு முன்னால் எனக்கு ஒத்திகை நடத்தினார்.

"பூசை முடிஞ்சதும் தண்ணி வார்த்தவளைப் பாத்து, 'என்ன வேணும் தாயி'ன்னு சாமி கேப்பாரு. அது வழக்கம். நீ என்ன கேக்கோணும்?"

"என்ன கேக்கோணுங்க?"

"ஆம்பளப் புள்ளை வேணும்னு கேக்கோணும். சத்தமா. ரத்தினசாமி காதுல விழுகோணும்."

"சாமி இல்லைன்னு சொல்லிட்டாருன்னா?"

"அந்த வாயில இல்லைங்கற சொல்லே வராது புள்ளை. கேட்டதைக் குடுக்கறவருதான் குரு."

"எதைக் கேட்டாலுமுங்களா?"

"எதைக் கேட்டாலும்!"

பக்திமான். அவர் சொன்னால் நான் நம்பாமல் இருப்பேனா?

சாமி வந்தார். வாசலில் கோலம், தோரணம், ஊர்ச்சனம் முழுக்க. நான் சாமியைக் குறை சொல்ல மாட்டேன். மெலிந்த மனிதர், அதிகம் பேசவில்லை. காரில் வந்து இறங்கினாலும் பாதம் எங்கள் பாதம் மாதிரியே வெடித்திருந்தது. தண்ணீர் வார்க்கையில் என் தலை தானாகக் குனிந்தது. மஞ்சள் பூசி, பூ வைத்து, அந்தப் பாதத்தை நான் மனசாரத்தான் கும்பிட்டேன்.

பிறகு மயிலையை ஓட்டி வந்தார்கள். கொம்பில் பூச்சரம், நெற்றியில் குங்குமம். கன்று அதன் வயிற்றோடு ஒட்டி நின்றது. எங்க ஊட்டுக்காரர் கையை நீட்டினார். எங்கப்பன் கொடுத்த மாட்டை நானே தாரை வார்த்தேன். சொம்பு கனக்கவில்லை. கைதான் கனத்தது.

"இனி இதுல எனக்கு ஒரு பாத்தியமும் இல்லைங்க சாமி!" என்றார் உரக்க. ரத்தினசாமி பக்கம் திரும்பி இன்னொரு தரமும் சொன்னார். ரத்தினசாமி தாம் நிற்கிற இடத்தில் என்னவோ தொலைத்தவர் போலத் தரையைப் பார்த்தார். எங்க ஊட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

சாமி என் பக்கம் திரும்பினார்.

"என்ன வேணும் தாயி? கேளு."

எங்க ஊட்டுக்காரர் பக்கத்திலிருந்து வாயசைத்துக் காட்டினார். நான் பாப்பாவை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டேன்.

"ஒரு மாடு வேணுமுங்க சாமி. கன்னோட."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ரத்தினசாமி தலை நிமிர்ந்தார்.

"ஏம்புள்ளை! ஆம்பளப் புள்ளை... ஆம்பளப் புள்ளை..." என்று என் முதுகுப் பக்கம் பல்லைக் கடிக்கிற சத்தம்.

"எந்த மாடு தாயி?"

"இப்பத் தங்களுக்கு வந்த மாடுங்க. கொழந்தைக்குப் பால் இல்லைங்க சாமி."

சாமி பாப்பாவைப் பார்த்தார். மயிலையைப் பார்த்தார். எங்க ஊட்டுக்காரரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"கந்தப்பா, இந்த மாடு யாரோடது?"

"தங்க... தங்களோடதுங்க சாமி."

"உனக்குப் பாத்தியம்?"

"இல்லைங்க."

"சரி. செக்போஸ்டுல இதைக் காட்டி என்ன சொல்றதுன்னு நானும் ரோசனை பண்ணிட்டுத்தான் இருந்தேன்." சாமி கயிற்றை எடுத்து என் கையில் வைத்தார். "இது இனி உன்னோட மாடு தாயி. நான் குடுத்தது. வேற யாரும் இதுமேல கை வைக்கப்படாது."

விழுந்து கும்பிட்டேன். கயிற்றை விடாமல்தான்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "கந்தப்பன் மனசு யாருக்கு வரும்! கட்டினவதான் சரியில்ல. சாமிக்குக் குடுத்ததைக் கொஞ்சமும் வெக்கமில்லாமத் திருப்பிக் கேட்டு வாங்கிட்டா." வெள்ளிச் சொம்பைத் தோற்கடித்த புகழ் அவருக்கு. என் மாட்டை நானே பிச்சையாக வாங்கிய பேர் எனக்கு. நாச்சம்மாள் அக்காகூட, "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?" என்று மூஞ்சியைத் தூக்கினாள்.

வந்திருந்த ஒறம்பரைச் சொந்தபந்தமெல்லாம் கிளம்பிப் போனதும் எங்க ஊட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சாமியே கேளுன்னு சொல்றாரு. ஒரு ஆம்பளப் புள்ளையக் கேக்காம மாட்டைக் கேட்டியே புள்ளை!"

"இருக்கற புள்ளைக்கு முதல்ல பால் வேணுமுங்களே."

எனக்கு அதைச் சொன்னதில் சந்தோசம் இல்லை. சொல்ல வேண்டியிருந்ததே என்றுதான் இருந்தது.

விடிந்ததும் நானே கறந்தேன். பாப்பாவுக்குக் காய்ச்சி ஆற்றினேன். அவர் முன்னால் கடுங்காப்பியை வைத்தேன். ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. பால் சட்டியைப் பார்த்தார். கை அதன் பக்கம் நீண்டது. சாமி சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கை பாதியில் நின்றது. குருவின் வாக்கை மீற அவருக்குப் பயம். அந்த அளவில் மெய்யான சீடர்தான்.

டம்ளரைக் கையில் சுற்றிச் சுற்றி உருட்டினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் ஒரு தரம்கூட 'ங்க' போட்டுப் பேசியிராத மனுசன், தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி... கொழந்தை குடிச்சது போக மிச்சம் இருந்தா, இந்தக் காப்பிக்கு ஒரு கரண்டிப் பால் குடுப்பீங்களா?"