அடிக்கக்கூடிய பந்துதான்

மூன்று பந்தில் அவுட்டாகி வந்து, நான்காவது பந்தை எப்படி அடிப்பது என்று அடுத்தவனுக்குச் சொல்லித் தரும் பிறவிகள் உண்டு. பார்த்திருப்பீர்கள். எங்கள் ஒசாகா கடைத்தெரு பேஸ்பால் அணியின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் அந்த இனம்.

போன ஞாயிறு காலை ஆற்றங்கரை மைதானத்தில் ஆட்டம். தோற்கிற அணி கோடை முழுக்க மைதானத்துப் புல்லைப் பிடுங்க வேண்டும். மூன்று வருஷமாகப் பிடுங்குவது நாங்கள்தான். கடைசிச் சுற்று, இரண்டு ஓட்டம் எடுத்தால் ஜெயம். அப்போது பார்த்து எதிரணி, டோஃபு வியாபாரி நெமோட்டோவை இறக்கியது.

நெமோட்டோ முதலிலிருந்து ஆடுகிற ஆளில்லை. கடை வேலையை முடித்துக் கடைசிச் சுற்றுக்கு வருவார், மூன்று பேரைக் காலி செய்வார், கொட்டாவி விடுவார், போய்விடுவார். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றுவதில்லை. தண்ணீருக்குள்ளிருந்து டோஃபுக் கட்டியை உடையாமல் எடுக்கிற அதே விரல்களால் பந்தை எடுப்பார்.

முதலில் போனவர் முடிதிருத்தும் ஒகுஷி. மூன்று முறை சுற்றினார். மூன்றும் காற்றுக்கு. திரும்பி வந்தவர் முகத்தில் தோல்வி தெரிந்ததா? இல்லையே, பேராசிரியர் களை!

"பந்துல ஒண்ணுமே இல்லப்பா. கடைசில லேசா எறங்குது, அவ்வளவுதான். அடிக்கலாம்."

"அப்ப நீ ஏன்யா அடிக்கல?"

"எறங்குதுன்னு கண்டுபிடிக்கத்தானே போனேன்!"

அடுத்து நூடுல்ஸ் கடை வகுயி. போனார், வந்தார், மட்டையைக் கீழே வைத்தார். "எனக்குப் பந்தே கண்ணுக்குத் தெரியல" என்றார்.

பெஞ்சே கொதித்துவிட்டது. "உன்னை மாதிரி ஆளுங்களாலதான்யா டீம் உருப்படல!" என்று ஒகுஷி கத்தினார்.

மூன்றாவது நான். நெமோட்டோ காலைத் தூக்கினார். பூட்ஸ் தெரிந்தது. உடனே கேட்சரின் கையுறைக்குள் 'டப்'. நடுவில் நடந்திருக்க வேண்டியது எதுவும் நடக்கவில்லை. இரண்டாவது பந்து என் காதைக் கடிக்க வருவதுபோல் வந்து, நான் குனிந்து கும்பிட்டதும், நல்ல பிள்ளையாக நடுவில் நுழைந்து போனது.

"கண்ணைத் தொறந்து வச்சுக்குங்கண்ணே, அழகா வரும்" என்றார் கேட்சர்.

திறந்தேன். மூன்றாவது பந்துக்கு என்ன நிதானம் தெரியுமா! நான் சுற்றி முடித்து, ஒற்றைக்காலில் பம்பரமாகி, பொத்தென்று உட்கார்ந்து, தொப்பியைத் தேடும்போதும் அது வந்துகொண்டே இருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்பயர் திரும்பி நின்று சிரித்தார்.

ஆட்டம் முடிந்தது. மூன்று பேர் அவுட்டானால் சுற்று காலி; இனி யாருக்கும் மட்டை கிடையாது. சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. சும்மா இருந்தேனா?

"மூணாவது மெதுவாத்தான் வருது. கொஞ்சம் பொறுத்தா அடிச்சிரலாம்."

ஏழு பேர் பலமாகத் தலையாட்டினார்கள். வகுயி மட்டும் புல் பிடுங்கக் கையுறை வாங்கக் கிளம்பிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நேர்காணல் அறையில் கேட்டதற்கெல்லாம் உளறிவிட்டு, வெளியே வந்ததும் அடுத்துப் போகிறவரின் தோளைத் தட்டி, "பெரிசா ஒண்ணுமில்ல, சும்மாதான் கேக்கறாங்க" என்றீர்களே, பாவம், அவர் உங்களை நம்பித்தானே சிரித்துக்கொண்டே உள்ளே போனார்?