எருமைக்கு எந்தப் பால்?

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆண்பிள்ளை எங்கள் பரம்பரையில் பிறந்ததில்லை. அதனால் எனக்குக் கலியாணமே நடக்காமல் போயிருக்கும்.

அப்போது எனக்குப் பிரெஞ்சுத் தலைநகரில், லா ஷப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. காதலித்தது சில்வியை. புதுச்சேரிக்காரி, ஓல்னே-சூ-புவாவில் வீடு. அவளுடைய அப்பா பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு என்னை வரச்சொல்லியிருந்தார். (அதாவது, பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதற்கு.)

"அப்பா எதாச்சும் கேட்டா தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாத. அவருக்குப் பிடிக்காது" என்று சில்வி எச்சரித்திருந்தாள்.

சனிக்கிழமை பின்னேரம், கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கிய சனமெல்லாம் எங்கள் கடைக்குள் நிற்கிற நேரம், அவரே தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, ஆப்பிரிக்கா போறேன். எருமைக்கு எந்தப் பால் நல்லது? பழைய ஈயப் பாலா, புதுசா வந்திருக்கிற செம்புப் பாலா?"

ஓய்வு பெற்ற மனிதர், ஆபிரிக்காவில் எருமை வளர்க்கப் போகிறார் என்று விளங்கிக்கொண்டேன். ஈயம், செம்பு என்றால் பாத்திரம். கடைக்காரனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

"செம்புதான் நல்லம், ஐயா."

"எனக்கும் அதான் தோணுது. பழசு உள்ள போனதும் சில சமயம் சிதறிடுது. புதுசு சிதறாது. ஆனா நேரா மறுபக்கம் வந்துடும்."

(வயிற்றோட்டம்!)

"ஓம் ஐயா, சிலதுக்கு அப்பிடித்தான்."

"எருமைக்குப் பின்னாடி நிக்கிறவங்களுக்கு ஆபத்துல்ல?"

"பின்னாலை ஒருத்தரும் நிக்கவே கூடாது, ஐயா."

"பலே! அனுபவம் பேசுது!"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாராட்டு தலைக்கேறிவிட்டது.

"செம்பை முதல் புளி போட்டு மினுக்குங்கோ. பிறகு நல்லாக் காய்ச்சிப்போட்டுக் குடுங்கோ."

"காய்ச்சணுமா?"

"பொங்கி வரும்வரைக்கும்."

மறுநாள் அவருக்குப் பரிசாக, கடையிலேயே பெரிய செம்பு ஒன்று வாங்கி, புளி போட்டு மினுக்கி, நிறையப் பால் காய்ச்சி ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். எதிரே இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள்.

கதவைத் திறந்தால், சாப்பாட்டு மேசையில் கோப்பைகள் இல்லை. பச்சைத் துணி விரித்து அதன்மேல் வரிசையாகத் தோட்டாக்கள். ஒரு பக்கம் சில்வியின் அப்பா. மறுபக்கம் ஜெரார் என்ற அவருடைய பழைய இராணுவத் தோழர், தோட்டாவைக் காய்ச்சும் நிபுணரைப் பார்ப்பதற்கென்றே வந்தவர். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. மகளைக் காதலித்தவனுக்கு இந்த வீட்டில் இதுதான் சாப்பாடு என்று நினைத்தேன்.

"வாங்க தம்பி. காட்டுங்க, எப்படிக் காய்ச்சுவீங்கன்னு."

துணியை அவிழ்த்துச் செம்பை மேசையில் வைத்தேன். கொஞ்சம் பால் தளும்பி ஒரு தோட்டாவின்மேல் விழுந்தது.

"இது என்ன?"

"பால், ஐயா."

முதலில் விளங்கியது சில்விக்குத்தான். சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிரெஞ்சில் தோட்டாவுக்குப் பால் என்று பெயர். அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு தமிழர், தமிழில், எருமையோடு சேர்த்துச் சொன்னால் யாருக்கு அந்த நினைவு வரும்? அவள் என்னை உயர்த்துவதற்காக, வன்னிக் காட்டில் வேட்டையாடிய பரம்பரை என்று வீட்டில் அவிழ்த்துவிட்டிருந்தாள். என்னிடம் சொல்லத்தான் மறந்துபோனாள்.

அவளுடைய அப்பா சிரிக்கவில்லை. "அப்போ உனக்கு இதப் பத்தி ஒண்ணுமே தெரியாதா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"தெரியாது, ஐயா. எங்கட ஊரிலை சன்னம் பறந்து வந்தால் ஈயமோ செம்போ எண்டு பாக்கிறேல்லை. விழுந்து படுக்கிறதுதான்."

ஜெரார் என்னவென்று கேட்டார். சில்வியின் அப்பா மொழிபெயர்த்தார். இரண்டு பழைய சிப்பாய்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சில்வியின் அப்பா பச்சைத் துணியைத் தோட்டாக்களோடு சேர்த்துச் சுருட்டி எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, "சில்வி, தட்டு எடுத்து வை" என்றார். அந்தப் பாலில் அன்று பாயசம் வைத்தார்கள். நான் மூன்று தரம் வாங்கிக் குடித்தேன்.

ஆபிரிக்காவுக்கு அவர் செம்புத் தோட்டாதான் கொண்டுபோனார். பத்து நாள் கழித்து அங்கிருந்து ஒரு செய்தி வந்தது: "சுட்டது ரெண்டும் மரத்துல. எருமை நலம்."

இப்போது எங்கள் வீட்டில் கருகிய தோசையும் தவறவிட்ட ரயிலும் அதே சொற்களில்தான் அறிவிக்கப்படுகின்றன. எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்லும் என் மகள்கூட, கணக்குச் சோதனை முடிந்து வரும் நாளில் மட்டும், சப்பாத்தைக் கழற்றியபடி, சுத்தத் தமிழில் சொல்கிறாள்:

"எருமை நலம், பப்பா."