சங்கண்ணையின் தொண்டைக்கு ஒரு கூடாரம்

பாரிசின் லா சப்பலில் சங்கண்ணை வாய் திறந்தால், மேலே பாலத்தில் போகும் இரண்டாம் இலக்க மெத்ரோ ரயில் ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். நான் கூட்டிச் சொல்வதாக நீங்கள் நினைக்கலாம். அவர் நின்று கூவிய மரக்கறிக் கடைக்கு நேரெதிரே, ரெலிபோன் திருத்தும் கடையில் பதினொரு வருடம் வேலை செய்தவன் நான். சந்தேகம் இருந்தால் என் இடது காதிடம் கேளுங்கள்.

அவருடைய உண்மைப் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சம்பளத் துண்டில் ஏதோ இருந்திருக்கும். வேலை, கடை வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுவது. "வாங்கோ, வாங்கோ, முருங்கைக்காய் இப்பதான் பிளேனாலை இறங்கினது, இன்னும் களைப்பாறேல்லை" என்று தொடங்கினால், ரயிலைப் பிடிக்க ஓடுகிற வெள்ளைக்காரர்கூட முருங்கைக்காய் என்றால் என்னவென்று தெரியாமலே ஒரு கட்டு வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்.

அந்தத் தொண்டையை அவர் கைக்குழந்தையைப் போல வளர்த்தார். கொதிக்கிற ஆடி மாதத்திலும் கழுத்தில் கம்பளி. குளிர்ந்த தண்ணீரை இருபது வருடமாக வாயில் வைத்ததில்லை. சட்டைப் பையில் கற்கண்டும் மிளகும். வீட்டில் கதைப்பதே இல்லை. "கதையெல்லாம் கடைக்கு, எனக்குக் கைப்பாசை" என்று அவருடைய மனைவி என் மனைவியிடம் சொல்லி இருவரும் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட தொண்டைக்கு வேட்டையில் வேலை கிடைத்தது 2012 அளவில். கடைக்கு உருளைக்கிழங்கு கொண்டுவருகிற பாஸ்கால் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு காலை லொறியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் சங்கண்ணை கூவினார். மூட்டை காலில் விழுந்தது. பாஸ்கால் காலைப் பார்க்கவில்லை, சங்கண்ணையைப் பார்த்தார். ஒர்லேயோன் நகருக்கு அப்பால் உள்ள தன் கிராமத்தில் அவர் வேட்டைக் கூட்டத்தின் தலைவர். அங்கே வெடி வைக்கும் துவக்குக்காரர் காட்டின் ஒரு விளிம்பில் வரிசையாக நிற்பார்கள். மறுபக்கத்திலிருந்து துவக்கில்லாத சிலர் சத்தம் போட்டபடி நடந்து, பற்றைக்குள் படுத்திருக்கும் காட்டுப்பன்றிகளைக் கிளப்பிவிட வேண்டும். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் வருடம் சங்கண்ணை தனியே போனார். சனிக்கிழமை அபார வெற்றி. அவருக்குத் தெரிந்த கூவல் ஒன்றுதானே. "கத்தரிக்காய், பாவக்காய், ராசவள்ளி, நல்ல பிஞ்சு வெண்டி" என்று காட்டுக்குள் நடந்தார். பன்றிகள் விலை கேட்காமலே ஓடின. ஆனால் வேட்டைக்காரரின் குடிலில் இடமில்லாததால், இரவல் வாங்கிய நைலோன் கூடாரத்தில் படுத்திருக்கிறார். விடிய எழும்பி வாயைத் திறந்தால் சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை பன்றிகள் அவருக்குப் பக்கத்தாலேயே திரும்பிப் போய்விட்டன. பாஸ்கால் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "அடுத்த வருடம் ஒருமுறை பார்ப்போம். அன்றும் தொண்டை இல்லையென்றால், நீ வீட்டில் சுகமாக இரு" என்று அவர் பிரெஞ்சில் சொன்னதைக் கடை முதலாளி தமிழாக்கிக் கொடுத்தார்.

இதைச் சொன்னபோது சங்கண்ணையின் முகம் போன போக்கு எனக்கு விளங்கவில்லை. "போகட்டும் அண்ணை, குளிருக்கை பண்டி கலைக்கிறது ஒரு வேலையே?" என்றேன்.

"தம்பி, இருவது வருசம் இஞ்சை இருக்கிறன். வேலைக்கு வா எண்டு கூப்பிட்டவங்கள். விசாவுக்குப் பபியே கொண்டு வா எண்டு கூப்பிட்டவங்கள். சும்மா வா எண்டு கூப்பிட்டது இவன் ஒருத்தன்தான்."

அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியதை, நல்ல கூடாரம் ஒன்றோடு மறுபடி போவதற்குச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். கூடாரத்தின் மற்ற நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும், என்னிடம் கார் இருக்கிறது, திரான்சியில் என் வீட்டுக்குப் பின்னால் கையகல வளவு இருக்கிறது. மூன்று தகுதியும் எனக்கு.

முதலில் முகாம் சாமான் விற்கும் விளையாட்டுக் கடைக்குப் போனோம். குமிழி மாதிரி நைலோன் கூடாரங்கள். ஒன்றுக்குள் நாலு காலில் நுழைந்தவர் உள்ளேயிருந்து கேட்டார்: "இதுக்கை மனிசன் விடுகிற மூச்சு எங்கை போகும்?"

"வெளியாலை போகும் அண்ணை."

"போகாது. மேலை முட்டி, தண்ணியாகி, திரும்பி என்ரை நெஞ்சிலை விழும். போனமுறை விழுந்தது."

அவருக்கு வேண்டியது தடித்த பருத்திக் கன்வஸ் கூடாரம். நாலு பக்கமும் இடுப்பளவுக்கு நேரான சுவர், அதற்குமேல் இரண்டு பக்கமும் சரியும் கூரை, முன்னும் பின்னும் வாசல், நடுவில் நிமிர்ந்து நிற்கலாம், உள்ளே சின்னத் தகர விறகடுப்பு, கூரையால் வெளியே போகும் புகைக்குழாய். வீட்டைச் சீலையில் தைத்தது போல. மூச்சும் ஈரமும் பருத்திக்குள்ளால் வெளியேறும், அடுப்பு மிச்சத்தைக் காயவைக்கும் என்பது அவர் கணக்கு.

எவ்வளவு பெரிது வேண்டும் என்பதை மரக்கறிக் கடையின் நிலவறையில் தீர்மானித்தார். சோக்கால் தரையில் கோடு கீறி, "படு" என்றார். படுத்தேன். பக்கத்தில் அவரும் படுத்தார். எங்கள் காலடியில் இருபது கிலோ அரிசி மூட்டை.

"அதுதான் அடுப்பு. எரியுது எண்டு வைச்சுக்கொள். காலை நீட்டு. சுடுதே?"

"அரிசி அண்ணை."

"சுடுது எண்டு சொல்லு."

"சுடுது."

கோட்டை இன்னும் ஒரு முழம் தள்ளிக் கீறினார். இப்படி நான்கு முறை. கீழே வந்த முதலாளி, எதிர்க்கடைக்காரன் தன் அரிசி மூட்டையடியில் செத்துக் கிடப்பதாக நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு, பாரிசுக்கு வெளியே பழைய சாமான் சந்தையில் படைக்காரரின் பொருட்கள் விற்கும் ஒரு தாடிக்காரரிடம் போனோம். சங்கண்ணை மடிப்பு மடிப்பாக மணந்து பார்த்தார். முதலாவது கூடாரம் பூஞ்சணம் மணந்தது: "நூல் செத்துப்போச்சு." இரண்டாவதை வெயிலுக்கு நேரே பிடித்தார். இரவு வானம் போலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தது. மூன்றாவதன் தையலை இரண்டு கையாலும் இழுத்தார், தையல் அவரோடு வந்தது. தாடிக்காரர் பெருமூச்சு விட்டு, உள்ளே இருந்து பாவிக்காத ஒன்றைக் கொண்டுவந்தார். சங்கண்ணை அதில் உதட்டை வைத்து ஊதினார். மறுபக்கம் என் கன்னம்.

"காத்து வருதே?"

"கொஞ்சம் வருது."

"அப்ப இது சீவன் உள்ள சீலை."

கடைசிச் சோதனையாக அதற்குள் தலையை விட்டு "முருங்கைக்காய்" என்று ஒருமுறை கூவினார். தாடிக்காரரின் நாய் மேசைக்கடியில் போய்விட்டது. நாங்கள் காரில் ஏற்றும்வரை வெளியே வரவில்லை.

புதுக் கன்வஸை நேரே காட்டுக்குக் கொண்டுபோனால் ஊசித் துளைகளால் மழை ஒழுகும். முதலே நன்றாக நனைத்துக் காயவிட்டால் நூல் ஊதித் துளையை அடைக்கும். எனவே திரான்சியில் என் வளவில் கூடாரம் எழும்பியது. வளவு சின்னது, கூடாரம் பெரிது. கயிறுகளைப் பக்கத்து வேலியிலும், மழைத்தண்ணீர்க் குழாயிலும், என் மனைவியின் உடுப்புக் கொடியிலும் கட்டினோம். சங்கண்ணை குழாயால் தண்ணீர் அடித்தார். காயவிட்டு அடுத்த ஞாயிறு மறுபடி அடித்தார்.

மனைவி குசினி யன்னலைத் திறந்தாள். "இஞ்சேருங்கோ, பந்தலும் போட்டிருக்கு, தண்ணியும் வாக்கிறியள். பெட்டை பெரிசாகிட்டாளோ, சாமத்தியவீடோ எண்டு பக்கத்து வீட்டுத் தமிழாக்கள் கேக்கினம். நான் என்ன சொல்ல?"

"ஓம் எண்டு சொல்லு பிள்ளை, ரெண்டாம் தண்ணி எண்டும் சொல்லு" என்றார் சங்கண்ணை.

எனக்கு வேறு கவலை. மூடின இடத்தில் விறகு எரிந்தால் காபன் மொனொக்சைட் வரும், மணமும் இல்லை நிறமும் இல்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும் என்று எங்கோ வாசித்திருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்தவர்களுக்கு விஷயம் தெரியும், எனக்குப் பயம் மட்டும் தெரியும். எங்கள் குசினிச் சுவரில், அந்தக் காற்று வந்தால் கத்துவதற்கு மாட்டியிருந்த அபாய மணியைக் கழற்றிப் பையில் வைத்தேன்.

"அப்ப நாங்கள் இஞ்சை செத்தால் பரவாயில்லையோ?" என்றாள் மனைவி. "பற்றரியாவது மாத்தினனீங்களோ?"

"அது இன்னும் கனநாள் கிடக்கும்" என்றேன்.

நவம்பர் சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வேட்டை மறுநாள். நான் ஒரு பெரிய மரத்தின் கீழ் இடம் காட்டினேன். சங்கண்ணை மேலே பார்த்தார். பட்டுப்போன கொப்பொன்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றுப் படாத பள்ளம் ஒன்றைக் காட்டினேன். "குளிரும் தண்ணியும் இறங்கிப் படுக்கிற இடம் அது. எங்களுக்கு இடம் விடாது." கடைசியில் சற்று மேடான இடத்தில், காற்றுக்கு முதுகு காட்டி முன்வாசல் வைத்தார். முதலில் நாலு மூலை முளை, பிறகு முகட்டு வளை, பிறகு இரண்டு பக்கமும் ஒரேயளவாகக் கயிறு. இறுக்கிக் கட்டப்போன என் கையில் தட்டினார். "விட்டுக் கட்டு. பனியிலை நனைஞ்சால் கயிறு தானே இறுகும். இப்பவே இறுக்கினால் முளையைப் பிடுங்கிக்கொண்டு வரும்." அடுப்பின் கீழே கல். புகைக்குழாய் போகிற இடத்தில் தகரத் தட்டு. முகட்டில் ஒரு சாண் திறப்பு. குழாயால் புகை நேராக எழுந்தபோது, பாஸ்கால் வந்து சுற்றிப் பார்த்து, உள்ளே நிமிர்ந்து நின்று, தலைக்குமேல் கையை ஆட்டி இடம் இருப்பதை உறுதிப்படுத்திவிட்டுப் போனார். சங்கண்ணைக்கு அன்று மல்லித்தண்ணீர் இரண்டு கோப்பை இறங்கியது.

இனி வருவது என் குற்றம். இரவில் பைக்குள்ளிருந்து ஒரு "பீப்". ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று. நான் எழும்பி, முன்வாசல் பின்வாசல் இரண்டையும் விரியத் திறந்து கட்டிவிட்டு, சங்கண்ணை மூச்சு விடுகிறாரா என்று மூக்கடியில் கை வைத்துப் பார்த்தபடி இருந்து, அப்படியே நித்திரையாகிவிட்டேன். அந்த மணி நஞ்சுக்காற்றுக்கு வேறு மாதிரி, விடாமல் கத்துமாம். நான் கேட்டது பற்றரி முடிகிற சத்தம். முகட்டுத் திறப்பு அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

விடிந்தபோது கூடாரத்துக்குள்ளும் வெளியிலும் ஒரே குளிர். சங்கண்ணை எழுந்து, கம்பளியை அவிழ்த்து, வாயைத் திறந்தார். சைக்கிள் ரியூப்.

பாஸ்கால் வந்துவிட்டார். நான் நடந்ததைச் சொல்ல வாயெடுக்க முதலே, சங்கண்ணை தன் நெஞ்சில் விரலை வைத்தார், போத்தலைத் தூக்கிக் குடிப்பது போல் காட்டினார், உடம்பைச் சிலிர்த்தார். குளிர்ந்த தண்ணீர் குடித்தாராம். பாஸ்கால் தலையைக் குனிந்துகொண்டு, நடு வரிசையில் முட்பற்றைக்கு இனி யாரைப் போடுவது என்று தன் ஆட்களைப் பார்த்தார். சங்கண்ணை என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

வீட்டில் உப்புக் கேட்பதற்கே இரண்டு முறை யோசிப்பவன் நான். என்னைப் பன்றி என்று நினைத்துவிடக் கூடாதென்று இரண்டு செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு பற்றைக்குள் இறங்கினேன். "ஏய்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. "கத்தரிக்காய்" என்றேன். அது கறிக்கு ருசி பார்ப்பது போல் இருந்தது. பின்னால் வந்த சங்கண்ணை என் காதுக்குள் காற்றாகச் சொன்னார்: "உனக்கு மரக்கறி வராது. உனக்குப் பயம் வாறதைச் சொல்லு."

அது வந்தது.

"காஸ் பூட்டினனோ தெரியேல்லை" என்று கத்தினேன். "விசாக் கார்த் மார்கழியோடை முடியுது, புதுப்பிக்க ரொந்தேவூ கிடைக்கேல்லை. கொழுப்புக் கூடிப்போச்சு எண்டு டொக்டர் சொல்லுறான். பொயிலர் சத்தம் போடுது. தமிழிலை கேட்டால் என்ரை பெட்டை பிரெஞ்சிலை மறுமொழி சொல்லுறாள்." ஒன்று போக ஒன்று வந்தது. இத்தனை வருடம் இவ்வளவும் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. முட்பற்றை அசைந்தது. பெரிய தாய்ப்பன்றி ஒன்று, பின்னால் இன்னும் ஐந்து, என் கவலைகளைக் கேட்கச் சகிக்காமல் துவக்குக்காரர் பக்கம் ஓடின. கடைசி வெடி கேட்ட பிறகும் நான் இன்னும் வீட்டு வாடகையில் நின்றேன்.

திரும்பி வந்ததும் பாஸ்கால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்று புது மரக்கறிகள். அந்த நீளப் பெயருள்ளது நன்றாக வேலை செய்தது. அடுத்த வருடமும் அதைக் கொண்டு வாருங்கள்" என்றார். சங்கண்ணையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சங்கண்ணைக்கு போன்ஜூர், மெர்சிக்கு மேல் பிரெஞ்சு தெரியாது.

"என்னவாம்?" என்றார் காற்றாக.

"அடுத்த வருசமும் வரட்டாம்."

"ஆரை?"

"ரெண்டு பேரையும்."

அவர் திரும்பி, நன்றாகக் கட்டியிருந்த ஒரு கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

காரில் வரும்போது நான் இரவு நடந்ததைச் சொன்னேன். "தெரியும்" என்றார். "விடிய ரெண்டு வாசலும் திறந்து கிடந்தது."

"அப்ப ஏன் தண்ணி குடிச்சதெண்டு சொன்னியள்?"

"உன்னை அவனுக்குப் புதுசாத்தான் தெரியும். என்னைப் பழசாத் தெரியும். பழசு ஒரு பிழை தாங்கும்."

திங்கள் முதல் அவர் கடை வாசலில் சத்தமில்லாமல் நின்றார். சனம் அவரை விலத்திக்கொண்டு போனது. என் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெருவைக் கடந்து போய் அவருக்குப் பதிலாக நான் கூவினேன். மரக்கறியைத்தான். நன்றாகக் கூவினேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒருவரும் ஓடவில்லை. அவர் பக்கத்தில் நின்று விரலால் "இன்னும் மேலே, இன்னும் மேலே" என்று காட்டிக்கொண்டிருப்பார்.

நான்கு நாள் அப்படிப் போனது. வெள்ளிக்கிழமை நான் ஒரு ரெலிபோனின் கண்ணாடியை மாற்றிக்கொண்டிருந்தேன். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பஸ் சத்தம், பாலத்து மெத்ரோ எல்லாவற்றுக்கும் மேலால், "தம்பி, சாப்பிட்டியே?" என்று கேட்டது. தெரு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

"இன்னும் இல்லையண்ணை" என்று நானும் இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.