அவித்த விண்வெளி வீரர்

துர்கா, கவின், நம் வீட்டில் அவித்த முட்டைக்கு ‘அப்பா முட்டை’ என்று பெயர் வந்த கதை பத்து பாகாட் ஊரிலிருக்கும் அத்தை வீடு வரைக்கும் தெரியும். ஆனால் அதன் கடைசிப் பகுதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

துர்கா, நீ அப்போது பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. கூலாய் நகரில் மாணவர்களுக்கு ஒரு விண்வெளிப் போட்டி. பச்சை முட்டைதான் விண்வெளி வீரர். அவர் உட்காரும் கலத்தை நீங்களே செய்ய வேண்டும். மாடியிலிருந்து போட்டால் முட்டை உடையக் கூடாது. வென்றால் கோலாலம்பூரில் மூன்று நாள் விண்வெளி முகாம். ஸ்ட்ராவையும் ரப்பர் வளையத்தையும் வைத்து ஒரு மாதம் போராடினாய். முட்டைக்கு மெல்லிய மீசை வரைந்து, முத்து என்று பெயரும் வைத்தாய். முகாமுக்குத் துணிகூட மடித்து வைத்துவிட்டாய்.

நானோ செனாயில் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். ‘கவனம், உடையும்’ என்று எழுதிய பெட்டிகளை இறக்கி இறக்கி, எதுவும் ஒருநாள் உடைந்தே தீரும் என்று நம்புகிற மனுஷன். (பள்ளியில் படித்தது மூன்றாம் படிவம் வரைதான். அறிவியல் மார்க்கைக் கேட்காதீர்கள்.) போட்டியன்று காலை நீ குளிக்கப் போனபோது, முத்துவைக் குளிர்பெட்டியில் ஒளித்துவிட்டு, அவித்த முட்டை ஒன்றில் அதே முகத்தை வரைந்து கலத்தில் உட்கார வைத்தேன்.

“அப்பா, முத்துவுக்கு மீச பெருசாயிருச்சே?”

“பயத்துல வளந்திருக்கும்லா.”

நீ சிரித்தாய்.

மண்டபத்தில் நடுவர், மாடியிலிருந்து விழுந்தும் உடையாமல் வந்த முட்டைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்துக் காட்டினார். மஞ்சள் கரு விழும்போதெல்லாம் கூட்டம் கை தட்டியது. உன் முட்டையையும் தட்டினார். ஒன்றும் விழவில்லை. இன்னொரு தட்டு. பிறகு மெதுவாக உரிக்க ஆரம்பித்தார்.

“அலமாக்! மிளகுத்தூள் இருக்கா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, மண்டபமே சிரித்தது.

எழுந்து நின்றேன். “நான்தான் சார் அவிச்சேன். பிள்ளைக்குத் தெரியாது.”

“புரியுதுங்க ஐயா. ஆனா பச்ச முட்டைன்னு விதியில இருக்கே,” என்றார் நடுவர், என் முகத்தைப் பார்க்காமல்.

காரில் நீ அழவில்லை.

“அவர் தட்றதுக்கு முன்னாடி பாத்தீங்களாப்பா? ஓட்டுல ஒரு கீறல்கூட இல்ல. அவிச்ச முட்டையா இருந்தாலும் கீழ விழுந்தா ஓடு உடையும். நான் செஞ்சது சரியாத்தான் இருந்துச்சு.”

சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

மறுநாள் காலை கவின் ஒரு முட்டையைக் காதருகே ஆட்டி, “அக்கா, இது கோழி முட்டையா, அப்பா முட்டையா?” என்றான். எல்லாரும் சிரித்தோம். பெயர் நிலைத்துவிட்டது. மடித்த துணியை நீ அலமாரியில் திரும்ப அடுக்கியதையும் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியாதது இனிமேல்தான். அடுத்து நீங்கள் பள்ளிக்குப் போன நாளில், வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தேன். முத்து மெல்லிய மீசையோடு அங்கேயே இருந்தார். அவரை உன் கலத்தில் உட்கார வைத்து, நம் அடுக்குமாடியின் நான்காவது மாடியிலிருந்து கீழே விட்டேன். படியில் ஓடி இறங்கித் திறந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிண்ணத்தில் உடைத்தேன். மஞ்சள் கரு முழுசாக விழுந்தது. சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன்.