மாமரத்தடியில் ஒரு புல்லெண்ணெய் மாப்பிள்ளை

நுளம்புக்கடிக்குப் பயந்தவன் காதலிக்கக் கூடாது. பட்டுத் தெளிந்தவன் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த குமாஸ்தா நான். கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில் மனோன்மணியை ஒருமுறை பார்த்துவிட்டு மாதக்கணக்கில் காற்றில் நடந்தேன். கடைசியில் பெண் பார்க்க நாளும் கிடைத்தது. (வீட்டார் பட்ட பாடு தனிக் கதை.)

நுளம்பு கடித்தால் என் முகம் பணியாரமாக வீங்கும். அவர்கள் வீட்டு வளவிலோ பகலிலும் நுளம்பாம். ஆகவே சிட்ரனெல்லாப் புல்லில் வடித்த எண்ணெயை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பூசி, மிச்சத்தை வெள்ளைக் கோட்டிலும் ஊற்றினேன். (மூளை இருந்தால் ஒரு சொட்டோடு நிறுத்தியிருப்பேன்.)

மாமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். இலைகளுக்குள்ளால் வெயில் வழிந்தது. ஒரு நுளம்பும் அண்டவில்லை. மாம்பழ வாசமும் புல்லின் வாசமும் கலந்து கிறங்கடித்ததில், நான் ஏற்கெனவே தாலி கட்டி மிதந்துகொண்டிருந்தேன்.

அப்போது ஒரு ஈ வந்தது. பழ ஈ. செம்மண்ணிற உடம்பு, கண்ணாடிச் சிறகு. பின்னால் அதன் சொந்தபந்தமெல்லாம் வந்தன. கொஞ்ச நேரத்தில் கோட்டே தெரியவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கையை வீசி ஈ விரட்டலாமா? கௌரவம் என்னாவது! சிலையாக இருந்தேன். வெயிலில் அத்தனை சிறகும் மினுங்கின. அழகாகத்தான் இருந்தது, ஐயோ!

மனோன்மணியின் அப்பா மெல்லக் குனிந்தார். "தம்பி, குளிச்சுப்போட்டுத்தானே வந்தனீர்?"

"ஓம் ஐயா, வடிவாக் குளிச்சனான்."

தேநீரோடு வந்த மனோன்மணி என்னைக் கண்டதும் தட்டு ஆடியது. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, மரத்தைப் பாருங்கோ. பழத்தில ஒரு ஈயும் இல்லை. எல்லாம் இவரிலதான்."

ஈ குத்திப் புழு வைத்து, அந்த மரத்தில் அவள் அப்பா ஒரு பழம்கூட ஒழுங்காகத் தின்றதில்லையாம். அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடுத்த மாம்பழத்துக்கு முன்னம் கலியாணத்தை வைப்பம்" என்றார்.

அதன்பிறகு மாம்பழக் காலம் முழுவதும், எண்ணெய் பூசி வேலியோரம் உட்கார்ந்திருப்பதே மருமகன் உத்தியோகம். இப்போதும் மாம்பழம் வெட்டினால் பிள்ளைகள், "அப்பா, போய் வேலியடியில இருங்கோ" என்கிறார்கள்.

அந்த எண்ணெய்க்கு ஆண் ஈக்கள்தான் வருமாம், பழத்தைக் குத்துவது பெண் ஈயாம். பிற்காலத்தில் எங்கோ படித்துவிட்டுப் பதறிப்போய் மனைவியிடம் சொன்னேன்.

"நீங்கள் வந்த அண்டைக்குப் பழத்திலயும் ஈ மொய்ச்சதுதான்" என்றாள் அவள். "அப்பாவுக்குத் தூரத்துப் பார்வை குறைவு."